இரண்டு தடவை கூப்பிட்டவர்

எண்பதுகளின் கடைசியில் மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரியாக இருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து கடற்கரைப் பக்கம் போனால் அவர் நிற்பார். ஓய்வு பெற்ற ஜட்ஜ். பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். எவ்வளவு புழுக்கத்திலும் சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்றமாட்டார். சிநேகிதர்களோடு குளிக்க வந்த அவருடைய ஒரே மகனை அந்த இடத்தில்தான் அலை இழுத்துக்கொண்டு போயிருந்தது. உடம்பு கரை ஒதுங்கவே இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் காலைத் தொடும் இடத்தில் நின்று மகன் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுவார். கொஞ்ச நேரம் கடலையே பார்ப்பார். இன்னொரு தடவை கூப்பிடுவார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தினமும் இரண்டே தடவைதான். மீன்காரப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் கூப்பிட்டு முடிக்கிறவரை கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள்.

மனசு கேட்காமல் ஒருநாள் சொன்னேன். "ஐயா, இன்னொரு வாட்டி கூப்பிட்டுப் பாருங்களேன். அலை சத்தத்துல கேட்டிருக்காது."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"கோர்ட்டுல மூணு தடவ கூப்பிடுவாங்கப்பா. மூணாவது தடவையும் ஆள் வரலைன்னா, வரலைன்னு நான் எழுதிடணும். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கேன்."

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. பல சாயங்காலம் நானும் அங்கே போய் நின்றிருக்கிறேன். அந்தப் பையன் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். கூப்பிடத்தான் வாய் வரவில்லை.