பூஜைக்கு நிறுத்திய மூன்று சர்வர்கள்

ஆயுதபூஜை அன்று மத்தியானம் சிதம்பரத்தில் என் வீட்டில் பொரிகடலை கொறித்துக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"புயல் காத்து வருதாம். நேத்து கடலுக்குப் போன போட்டையெல்லாம் திரும்பக் கூப்புடணுமாம். ஒங்க ஆபீஸ் லிஸ்ட்டுல நேத்து போனது ஒண்ணுகூட இல்லங்கறாங்க. மாமாவும் நேத்துதானே போனாரு?"

அந்த லிஸ்ட் என் வேலை. கடலூர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் படகுகளைப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது நான்தான். கிளவுடில் மூன்று சர்வர்கள், மூன்றும் வேறு வேறு ஊரில். ஒன்று செத்தால் அடுத்தது தானாகப் பொறுப்பேற்கும். வெள்ளம் வந்தாலும் பதிவு அழியாது என்று மார்தட்டியிருந்தேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"நேத்து சாயங்காலமே மூணையும் நிறுத்திட்டேன் தம்பி. பூஜைக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாதுல்ல? லேப்டாப்புலயே மூணு பொட்டு வச்சேன். இப்ப ஆன் பண்ணா நேத்திய பதிவு ஒண்ணுமே காணோம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. வேகத்துக்காக நான் எடுத்திருந்தது தற்காலிக டிஸ்க். சர்வர் ஓடும்வரைதான் அதில் எழுதியது நிற்கும், நிறுத்தினால் சுத்தமாகத் துடைத்துவிடும். நிறுத்தாதீர்கள் என்று அவரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். தினமும் நள்ளிரவில் வெளியே ஒரு பிரதி போகும். முந்தாநாள் வரைக்கும் அதில் இருந்தது; நேற்றையது போவதற்குள் நிறுத்திவிட்டார், புண்ணியவான்.

கடலூர் பஸ்ஸில் வழியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டினேன். மூன்றையும் ஒரே பட்டனில் நிறுத்தும் வசதியைச் செய்து கொடுத்தவன் யார்? நான்தான். அது ஞாபகம் வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

துறைமுகத்தில் அக்கா, படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் ஆட்களைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். நேற்று எந்தெந்தப் படகுக்கு ஏற்றினோம் என்று அவர்கள் யோசித்துச் சொல்லச் சொல்ல, ஒருவர் அந்தப் படகுகளை ஒவ்வொன்றாக வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமாவின் படகுதான் கடைசியாகப் பதில் சொன்னது. திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா தம்பி, சாமி காப்பாத்திடுச்சு" என்றார் எனக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்த முதலாளி.

"சாமியா? ஐஸ்காரங்க காப்பாத்துனாங்க சார்! நீங்க கொல்லப் பாத்தீங்க!" என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அக்கா எழுந்து வந்தாள்.

"அவர எதுக்குக் கத்துற? எங்கெங்கியோ மூணு ஊர்ல வச்சியே, ஒரே ஒரு பேப்பர்ல எழுதி இங்க எங்க கையில குடுத்தியா?"

அதற்குப் பிறகு கத்துவதற்கு என்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.