ரூபி அக்கா ஜெபத்துக்கு நான் சொன்ன ஆமென்

போன ஞாயிறு ரூபி அக்கா இதே இடத்தில் நின்று சாட்சி சொன்னார்கள். தங்கள் ரைஸ் மில் வழக்கில் அரசாங்க வக்கீலின் வாயைக் கர்த்தர் கட்டிவிட்டார் என்றார்கள். எல்லாரும் கை தட்டினீர்கள். அந்த வக்கீல் நான்தான். அன்றைக்கு எழுந்து சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் இன்றைக்கு நிற்கிறேன்.

மதுரை ஹைகோர்ட்டில் வணிகவரித் துறைக்காக வாதாடும் அரசு வக்கீல்களில் நான் ஆகக் கடைசி ஆள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாரக் கடைசியில்தான் பஸ் பிடித்து இங்கே வருவேன். புதிதாக வந்தவர்கள் தலையில் கட்டும் வழக்குகள் பெரும்பாலும் ஜெயிக்க முடியாதவை. இதுவும் அப்படித்தான். மில்காரர் எழுதிக் கேட்டும் அவரை நேரில் விசாரிக்காமலே வரி போட்டு, பேங்க் கணக்கையும் முடக்கியிருந்தார்கள். அது தப்பு என்று ஃபைலைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். ஆபீசருக்குப் போன் போட்டேன். "எப்படியாவது சமாளிங்க மேடம்" என்றார்.

சமாளிப்பது என்றால் எங்கள் தொழிலில் வாய்தா. "துறையிலிருந்து விவரம் வரணும், டைம் வேணும்" என்று கேட்டால் அநேகமாகக் கிடைத்துவிடும். தோற்றால் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். எங்கள் குடும்பத்தில் வயலில் இறங்காமல் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். கோர்ட் வாசலில் நின்று, "ஆண்டவரே, இன்னைக்கு வாய்தா கிடைக்கணும்" என்று ஜெபித்தேன். கிடைத்தது. ஸ்தோத்திரம் சொன்னேன். அடுத்த தடவையும் ஜெபித்தேன். அப்போதும் கிடைத்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஃபைலில் கம்பெனி பெயர்தான் இருந்தது. யாருடைய மில் என்று நான் விசாரிக்கவே இல்லை. இரண்டாவது வாய்தா வாங்கிய அதே வாரம் உபவாச ஜெபத்தில் ரூபி அக்கா எழுந்தார்கள்.

"திருப்பனந்தாள் ரோட்டுல இருக்கிற எங்க மில்லு ஓடல. கணக்க முடக்கிட்டதால கூலி குடுக்க முடியல. குறுவை நெல்லு மழையில நனைஞ்சு முளைச்சுப் போச்சு. அந்த அரசாங்க வக்கீலம்மா வாய்தா மேல வாய்தா வாங்குறாங்க. கர்த்தர் அவங்க வாயக் கட்டணும்னு ஜெபிங்க" என்று அழுதார்கள்.

பாஸ்டர் ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். பழக்கதோஷம். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வக்கீலம்மா யார் என்று எனக்கு உறைத்தது. அக்காவின் கையை வேறு ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கேஸை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்கும் ஒரு வாய்தா ஆகும்.

திங்கட்கிழமை கேஸைக் கூப்பிட்டார்கள். வாய்தா கேட்கும் வாக்கியம் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு வரவில்லை. "நேர்ல விசாரிச்சாங்களா, இல்லையா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

"இதச் சொல்றதுக்கா ரெண்டு வாய்தாம்மா?"

கோர்ட்டே சிரித்தது. என்னால் தலை நிமிர முடியவில்லை. கணக்கை விடுவித்து, மில்காரரைக் கூப்பிட்டு மறுபடி விசாரிக்கச் சொல்லி அப்போதே உத்தரவு போட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். சாயங்காலம் எங்கள் சீனியர் கூப்பிட்டார். "நிக்காத கேஸை நிக்காதுன்னு மொத நாளே சொல்லிடும்மா" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா அத்தனை நெல்லை நனைய விட்டேன் என்று பாத்ரூமில் போய் அழுதேன்.

ரூபி அக்கா, கர்த்தர் கட்டியது வாய்தா கேட்ட வாயை. உண்மையைச் சொல்ல அவர்தான் திறந்தும் விட்டார். விசாரணை முடிந்து நீங்கள் வரி கட்ட வேண்டியும் வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் வழக்கில் இனி நான் நிற்க மாட்டேன்.

இப்போதெல்லாம் வாய்தா கேட்கும் முன், எதிர்ப்பக்கம் யார் காத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கிறேன். அன்பானவர்களே, ஜெபத்தை நம்புங்கள். எனக்கு எதிராகச் செய்த ஜெபத்தில்தான் எனக்கு உதவி வந்தது. அடுத்தவர் ஜெபத்துக்கு ஆமென் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

அக்கா, முளைத்த நெல்லை என்னால் திருப்பித் தர முடியாது. என்னை மன்னித்துவிடுங்கள். அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாமல் சொன்னதை இன்றைக்குத் தெரிந்தே சொல்கிறேன். ஆமென்.