சாவிக்காரர் தன் வீட்டில் திறந்த பூட்டு

எங்கள் எதிர்வீட்டுச் சாவிக்காரருக்கு வயது ஐம்பத்து நான்கு. முப்பத்தொரு வருடமாகப் பூட்டுத் திறப்பதும் மாற்றுச் சாவி செய்வதும்தான் தொழில். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடியில் ஒரு கடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒன்பது வயது மூத்த அக்காவோடு இருக்கிறார். சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசினாரென்றால், "குடையை எடுத்து வைக்கணும், மழை வரப்போகுது" என்பார் அக்கா.

அவரிடம் இரண்டு கறாரான வழக்கங்கள் உண்டு. பூட்டியவர் தன் வாயால் சொல்லாமல் எந்தப் பூட்டிலும் கை வைக்க மாட்டார். மாமியாரின் பீரோவைத் திறந்து தரச் சொல்லி ஒரு மருமகள் வந்தபோது, "அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டாவது, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். "இந்த ரகத்துல ஏழு திறந்திருக்கேன். ஒண்ணு உள்ளயே உடைஞ்சு போச்சு. பரவாயில்லைன்னா கை வைக்கிறேன்." பாதிப் பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், குடித்தனக்காரர்கள் சொல்லாமல் காலி செய்துபோன ஒரு வீட்டைத் திறக்க வீட்டுச் சொந்தக்காரர் இவரை அழைத்தார். குளியலறையும் பூட்டியிருந்தது. திறந்தால், வாளிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு முயல். சாவிக்காரர் கருவிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, முயலைக் கருவிப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடையில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அவர் அரம் போடுவதையே கண்கொட்டாமல் பார்த்ததால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வந்தது.

"ஒரு துரும்பையும் எடுத்துப் போடறதில்ல. நம்மளையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கா. வேற என்னன்னு கூப்பிடறது?" என்றார் அக்கா.

பத்து கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் மேனேஜர் எடை பார்க்க வருவாள்; தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். அதனால்தான் இதையெல்லாம் தேதியோடு சொல்ல முடிகிறது.

இந்த வருடம் பிப்ரவரி மூன்றாம் தேதி மேனேஜர் தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கி, சோபாவுக்கு அடியில் கூடு கட்டினாள். கிட்டே போன அக்காவின் கால் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள்.

"என்னை ஏன்டி கடிக்கிற? உன் குட்டியை நானா தூக்கிட்டுப் போனேன்? முதல்ல குட்டி எங்கடி?"

குட்டி ஒன்றுமில்லை, பொய்க் கர்ப்பம்தான். பெரிய தெருவில் நாய்க்கும் பூனைக்கும் பார்க்கும் டாக்டர், கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார். பெண் முயலுக்கு வயதானால் அதில் புற்றுநோய் வருவது அதிகமாம். அக்காவுக்குப் பதினொரு வருடத்துக்கு முன் கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அதனால் அவர் யோசிக்கவே இல்லை. "நான் பட்டது இவளுக்கு வேண்டாம்டா. எடுத்துடலாம்."

யோசித்தது சாவிக்காரர்தான். இரண்டு கிலோகூட இல்லாத உயிர், மயக்க மருந்திலிருந்து எழுந்திருக்க வேண்டுமே. தன்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்வியை அவர் டாக்டரிடம் கேட்டார்.

"முயலுக்கு எத்தனை பண்ணியிருக்கீங்க சார்?"

"நாயும் பூனையும் ஆயிரத்துக்கு மேல பண்ணியாச்சு. இது சின்ன உருப்படி. முதல் நாள் ராத்திரியிலிருந்து வயித்தைக் காயப்போட்டுக் கூட்டிட்டு வாங்க."

"முயல் எத்தனை சார்?"

டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டாவது இடத்துக்குப் போன் செய்தோம். "இங்க ஒண்ணுமே ஆகாதுங்க. நூத்துக்கு நூறு" என்றது ஒரு குரல். சாவிக்காரர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நூத்துக்கு நூறுன்னு ஒரு பூட்டும் கிடையாது சார்."

மூன்றாவது இடம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு டாக்டரம்மா. கேள்வியைக் கேட்டதும் இழுப்பறையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"அறுபத்து மூணு. அதுல ரெண்டு போயிருச்சு. ஒண்ணு மயக்கத்துலயே. இன்னொண்ணு நல்லா எழுந்து வீட்டுக்குப் போச்சு, அப்புறம் எதுவும் தின்னலை. அவங்க மூணு நாள் கழிச்சுத்தான் கொண்டுவந்தாங்க."

படியிறங்கும்போது அக்கா பொரிந்து தள்ளினார். "ரெண்டைக் கொன்னேன்னு அவ வாயாலயே சொல்றா. அவகிட்டயாடா குடுக்கப்போற?"

"அதனாலதான் அவங்ககிட்ட" என்றார் சாவிக்காரர்.

மார்ச் பத்தொன்பது என்று நாள் குறித்தார்கள். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை ஆனது. அட்டைப் பெட்டியில் மேனேஜர் தினமும் படுக்கும் துண்டையே விரித்து வைத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு துள்ளி ஏறாமலிருக்க சோபாவைச் சுற்றிப் பலகை அடித்தாயிற்று. தானாகத் தின்னாவிட்டால் கரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொடுக்க வேண்டுமாம். சாவிக்காரர் தினம் சாயங்காலம் அதைப் பழகினார். முதல் நாள் பாதி அவர் சட்டையில் போயிற்று. ஐந்தாம் நாள் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

டாக்டரம்மா அழுத்திச் சொன்னது ஒன்றுதான். "பட்டினி போட்றாதீங்க. முயலுக்கு வாந்தி வராது, அந்தப் பயமில்லை. குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னுச்சுன்னா ஆபத்து. அன்னிக்குக் காலையிலயும் புல் தின்னுட்டுத்தான் வரணும்."

அக்கா அப்போது ஒன்றும் பேசவில்லை. அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது தவறு.

பத்தொன்பதாம் தேதி காலை ஆறு பத்துக்குத் தராசோடு போனேன். ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபது. போன ஞாயிறைவிட நாற்பது கிராம் குறைவு. தட்டு காலியாகக் கிடந்தது. உலர்ந்த புல்லும் கொத்தமல்லியும் இருக்கும் மர அலமாரியில் பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது.

"எப்பக்கா பூட்டின?"

"நேத்து ஒம்பது மணிக்கு. என் ஆபரேஷன் அன்னிக்கு எனக்குத் தண்ணிகூடத் தரலை, தெரியுமில்ல? அந்தப் பெரிய தெரு டாக்டரும் அதையேதான் சொன்னாரு. எல்லாரும் சொல்றது பொய், இவ ஒருத்தி சொல்றது நிஜமா? வயிறு முட்ட தின்னுட்டு மயக்கத்துல மூச்சடைச்சுப் போனா என்ன பண்ணுவ?"

"சாவியைக் குடுக்கா."

"தர மாட்டேன்."

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. சாவிக்காரர் முயலைத் தூக்கி அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

"திறன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா."

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சாவிக்காரர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிறகு அலமாரி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தார். அந்த ரகப் பூட்டை அவர் பத்து விநாடியில் திறந்து நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நாற்பது விநாடி ஆயிற்று.

மேனேஜர் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தாள். மறுபடி வந்தாள். கொறிக்கத் தொடங்கினாள்.

"ஊருக்கெல்லாம் யோக்கியன். வீட்டுல திருடன்" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." சொன்னாரே தவிர, இரண்டு பஸ்ஸிலும் பெட்டியைத் தன் மடியிலிருந்து இறக்கவில்லை.

டாக்டரம்மா கேட்பதற்கு முன்னால் அக்காவே சொல்லிவிட்டார். "நேத்து ஒம்பதுலேருந்து காலை ஆறேகால் வரைக்கும் நான்தான் பட்டினி போட்டேன். அப்புறம் இவன் பூட்டைத் திறந்து குடுத்துட்டான்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். "உங்களுக்குச் சொன்னது உங்களுக்குச் சரிம்மா. இது வேற வயிறு. திறந்து குடுத்தது நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் தின்னட்டும். புழுக்கை போட்டதும் ஆரம்பிக்கிறேன்."

நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முயல் எப்போது புழுக்கை போடும் என்று காத்திருந்தோம். பத்து ஐம்பதுக்குப் போட்டது. பதினொன்று இருபதுக்கு உள்ளே எடுத்துப்போய், பன்னிரண்டு ஐந்துக்குக் கதவைத் திறந்து, "எழுந்துட்டா" என்றார்கள். அக்கா பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தோம். மேனேஜர் மூலையில் உருண்டையாகச் சுருண்டு கிடந்தாள். புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று நாள் தின்னாமல் செத்துப்போன அந்த முயல்தான் எல்லோர் மனதிலும் இருந்தது. ஆறு மணிக்குச் சாவிக்காரர் சிரிஞ்சை எடுத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஏழு இருபத்தைந்துக்கு, தரையில் படுத்துக்கொண்டு அக்கா நீட்டிய கொத்தமல்லியில் மேனேஜர் ஓர் இலையைக் கடித்தாள். ஒன்றே ஒன்றுதான்.

மறுநாள் காலை ஆறு ஐந்துக்கு என் கதவு தட்டப்பட்டது. அக்கா ஒரு காகிதத்தைக் கைக்குட்டைபோல் மடித்துப் பிடித்திருந்தார்.

"எண்ணிப் பாருங்க அண்ணே."

எண்ணினேன். பதினேழு. புழுக்கைகள் உருண்டையாக, உலர்ந்து, குறை சொல்ல முடியாதபடி இருந்தன.

"நான் எண்ணினப்பவும் பதினேழுதான். எழுதிக்குங்க." போகத் திரும்பியவர் நின்றார். "இன்னொண்ணு. பூட்டைத் திறன்னு நான் சொன்னதாவும் எழுதிக்குங்க. நேத்து ஆறேகாலுக்கு."

"நேத்து நீங்க சொல்லலையே."

"இப்பச் சொல்றேன்ல?"

நடந்த நேரத்தைத்தான் நான் எழுதுவேன். அனுமதி, மார்ச் இருபது, காலை ஆறு ஐந்து என்று எழுதினேன். நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்ச் சாவிக்காரரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தார். அலமாரியில் அந்தப் பித்தளைப் பூட்டு பழையபடி தொங்கியது. முன்தினம் அக்கா சொல்லாமல் திறந்ததை, புல்லை எடுத்த கையோடு அவரே மறுபடி பூட்டி வைத்திருந்தார். மேனேஜரின் தட்டில் புல் கொஞ்சம்தான் மிச்சம்.

"அக்கா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சாவியைக் குடு. அவளுக்குப் பசிக்குது."

சாவி வந்தது.