ஊதினவருக்கு இல்லாத பங்கு

எழுபதுகளில் எனக்கு ஒரு உபதொழில் இருந்தது. பொது இடத்தில் இசைத்தட்டு போடுகிறவர்களிடம் உரிமைத் தொகை வசூலித்து, பம்பாயில் உள்ள சங்கத்துக்கு அனுப்புவது. வீட்டில் கேட்டால் இலவசம்; ஓட்டலிலும் கல்யாணப் பந்தலிலும் போட்டால் கட்டணம். காஞ்சிபுரத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு.

ஒருநாள் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரின் கடையில் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு நாதஸ்வரத் தட்டு சுழன்றது. அதை ஊதிய வித்வானே வாசலில் வந்து நின்றார். ஒரு கம்பெனி அவருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துப் பதிவு செய்திருந்தது. தட்டு வந்தபின் ஊர்வலத்துக்கும் வரவேற்புக்கும் அவரை யாரும் அழைப்பதில்லை. தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் ஆள் வேண்டும். அதற்குப் பாதிச் சம்பளம்.

"இந்தத் தட்டுக்கா சார் பணம் வாங்கிக்கினு இருக்கீங்க?"

"இதுக்கும்தான்."

"அப்போ என் பங்கு?"

விதியைச் சொன்னேன். வசூலாகும் தொகை பாட்டை இயற்றியவருக்கும் தட்டின் உடைமையாளருக்கும் பிரியும். இந்தக் கீர்த்தனையை இயற்றியவர் இறந்து நூறாண்டுக்கு மேலாகிறது; அவர் உரிமை காலாவதி. தட்டு கம்பெனியுடையது. ஊதினவர் என்று ஒருவர் சட்டத்தில் கிடையாது. கீர்த்தனை தானாகவே தட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாக நாடாளுமன்றம் கருதியிருக்க வேண்டும்.

கடைக்காரர் சிரித்தார். "கம்பெனிக்காரன் உன்னை ஒரு தபாதான் ஊதவெச்சான். நான் தெனம் ஊதவெக்கறேன். கமிஷன் கேட்டேனாபா?"

வித்வான் சிரிக்கவில்லை. "தவுல்காரன் வேற செட்டுக்குப் போறேங்கறான் சார். ஒரு முழுக் கல்யாணம் கெடைச்சா நிப்பான்."

பக்கத்து ஊரான தாமலில் என் நண்பர் வீட்டுக் கல்யாணம் முழுவதற்கும் அவர்கள் செட்டைப் பேசி அமர்த்திக் கொடுத்தேன். வரவேற்பன்று வித்வான் ராகத்தை நிதானமாக விரித்தார். தவுல்காரர் தன் முறைக்குக் காத்திருந்தார். பெண்ணின் மாமா எழுந்து வந்தார்.

"இன்னா வித்வான், இழுத்துக்கினே போறீங்க? தட்டுல இருக்கற மாதிரி ஊதுங்க."

தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடம்தான் அடங்கும். அதற்காகக் கம்பெனியில் ராகத்தை நறுக்கி, தவுலை மூலையில் உட்காரவைத்து மெல்லத் தட்டச் சொன்னார்களாம். வித்வான் அதை அப்படியே ஊதி முடித்தார்; தவுலின் முறை வரவேயில்லை. நல்ல கைதட்டல்.

தவுல்காரர் வாத்தியத்துக்கு உறை மாட்டினார்.

"காலையில கெட்டிமேளம் இருக்கே" என்றேன்.

"அதுக்குத் தட்டு இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நடந்தார்.

முகூர்த்தத்தில் பந்தல் ஒலிபெருக்கியில் தட்டுதான் முழங்கியது. வித்வான் நாதஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.