கரமனையில் இரண்டரைக் கட்டை

காலை 7.10. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுபத்தோரு கிலோமீட்டர், பாசஞ்சர் ரயிலில் இருபது ரூபாய். உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. கரமனையில் ஒரு இசைக்குழு வயலினுக்கு ஆள் எடுக்கிறது. கோயில் கச்சேரிகளை மட்டும் நம்பி ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன். இதுவும் கை நழுவினால் துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான். குழித்துறை வருவதற்குள் பெட்டியை நான்கு தடவை திறந்து தந்திகளைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

9.05. தம்பானூர், திருவனந்தபுரம் ரயிலடி. கரமனைக்கு மூன்று கிலோமீட்டர் கூட இராது; ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். ஓட்டுநர் வயலின் பெட்டியைப் பார்த்துவிட்டு, கோயிலுக்கா சர்ச்சுக்கா என்று கேட்டார். பரீட்சைக்கு என்றேன். சொன்னதும் எனக்குப் பதற்றம் கூடியது.

9.40. குழுவின் தலைவரே பாடகர். அக்கிரகாரத்தில் அவர் வீட்டு முன்னறையில்தான் ஒத்திகை. சுருதி என்ன என்று கேட்டேன். சி என்றார். கர்நாடக இசையில் நாங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். மேற்கத்திய சி எங்களுக்கு ஒரு கட்டை. அதற்குத் தந்திகளைச் சேர்த்துக்கொண்டேன். சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் மைனர் கார்டு வரும், காந்தார சுரத்தை அசைக்காமல் நிறுத்த வேண்டும் என்றார் கீபோர்டுக்காரர். சுரத்தை அசைத்தே வாசிக்கும் கமகத்தில் ஊறிய கைக்கு அதுவே பெரும்பாடு. வில்லைப் போட்டேன். காது கூசியது. கீபோர்டு ஒலித்தது அதைவிட உயரே, இரண்டரைக் கட்டையில்.

சொன்னேன். தலைவர் கீபோர்டைப் பார்த்தார். விரல் சி-யின் மேல்தான் இருந்தது. பத்து வருடமாகத் தான் சி-யில்தான் பாடுவதாகச் சொன்னார். எல்லாரும் விரலைப் பார்த்தார்களே தவிர ஒருவரும் காதைக் கொடுக்கவில்லை. எனக்கு எரிச்சல் பொங்கியது. ஆனால் வெளியே இன்னொருத்தி வயலினோடு காத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு நான்கு தந்திகளையும் இரண்டரைக் கட்டைக்கு ஏற்றினேன். மெல்லிய தந்தி அறுந்தால் மாற்றுத் தந்தி இல்லை. நல்லவேளை, அறவில்லை. மறுபடி வாசித்தோம், எல்லாம் ஒட்டிக்கொண்டது.

“பாத்தேளா, இப்ப சி-க்கு வந்துட்டேள்” என்றார் தலைவர். “கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான். அடுத்த வாரத்துலேர்ந்து வாங்கோ.”

“ஆமா” என்றேன்.

11.30. கீபோர்டுக்காரர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். அவருக்கு சி-யில் தொடங்கி வாசிக்க மட்டுமே தெரியுமாம். தலைவரின் தொண்டைக்குத் தோதாக, ஒரு பொத்தானை அழுத்தி மொத்தக் கீபோர்டையும் மூன்று சுரத்தானம், அதாவது ஒன்றரைக் கட்டை, மேலே ஏற்றி வைத்திருக்கிறார். பத்து வருடமாக.

“அக்கா சொன்னதுதான் சரி. அண்ணன்கிட்ட பறையாதீங்க, கேட்டோ.”

சரி, சொல்லவில்லை என்றேன்.

பிற்பகல் 1.20. திரும்பும் ரயில். எங்கள் ஊர்க் கச்சேரியில் சுருதி பிசகினால் முன்வரிசையே முகத்தைச் சுளிக்கும். அந்த அவமானம் மறுநாள் போய்விடும். இங்கே சரியாகக் கேட்டதற்குச் சுருதி தெரியாதவள் என்ற பெயர், அந்தப் பெயரோடு வாராவாரம் வந்துபோக வேண்டும். பாறசாலையில் வண்டி நின்றபோது வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். நன்றாக வாசித்தாயா என்று கேட்டார். முதலில் என் சுருதி கொஞ்சம் பிசகிவிட்டது, அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்று என் வாயாலேயே சொன்னேன்.