எலிக்குச் சொன்னதை என் வீட்டுக்காரருக்குச் செய்தேன்

என் வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி, திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார்கள். தலையைத் திறப்பார்களே என்று எனக்குப் பயம்.

மலேசியாவில் சுங்கை பெசார் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் பத்திரிகை படித்துச் சொல்பவர் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஐயாதான். அவர் பத்திரிகையில் ஒரு தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்து, "இருட்டுல இருந்தா மூளைக்குள்ள மெலடோனின்னு ஒண்ணு ஊறுதாம். அது கட்டிய வளர விடாதாம். எதுக்கு தலைய வெட்டிக்கிட்டு?" என்றார்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள், நம்பிவிட்டேன். லயத்து வீட்டு ஜன்னலில் உரச்சாக்கை ஆணியடித்து, பகலெல்லாம் அவரை இருட்டில் படுக்க வைத்தேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பத்தாம் நாள் சாக்கைப் பிய்த்துவிட்டு, "வெளிச்சம் கூசுதாங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல சாக்க எடு லா," என்றார். சாக்கு என் கையில்தான் இருந்தது; அவருக்குக் கண் தெரியவில்லை.

டாக்சி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். ஆபரேஷனில் உயிர் தப்பியது. பார்வை ஒரு கண்ணில்தான் திரும்பியது. அந்தத் தாளை வாங்கிப் படித்த தமிழ் நர்ஸ், "இது எலிக்குச் செஞ்சு பாத்தது, அக்கா. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குன்னு கடைசியில போட்டிருக்கே," என்றார்.

கிராணியிடம் போய்க் கேட்டேன். "அவ்வளவு தூரம் யாரு படிப்பா? உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார். நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை.

இப்போது யார் வைத்தியம் சொன்னாலும், "எலிக்கா, மனுசனுக்கா?" என்றுதான் கேட்கிறேன். எழுத்துக்கூட்டியாவது கடைசி வரியை நானே படிக்கிறேன். பத்திரிகை ஆசிரியர் ஐயா, நீங்களும் அந்த எலியை முதல் வரியிலேயே போடுங்கள்.