சூட்டில் இருந்த மூன்று குழாய்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நத்தையக்கா என்றால்தான் வாசல் காவலருக்கே தெரியும். பதினெட்டு வருடமாக அவள் வேலை நத்தை வளர்ப்பது. கீழ்த்தளத்து அறையில் நாற்பது கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நத்தைகள். காலையில் வந்ததும் வெந்நீரில் வாட்டிய கீரையைப் போட்டு, தண்ணீர் மாற்றி, செத்ததை எடுத்துப் போடுவாள். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். "பெத்த பிள்ளைகளை இப்படிப் பார்த்திருந்தா அதுங்க உருப்பட்டிருக்கும்" என்பார்.

உண்மையில் நத்தைக்காக யாரும் நத்தை வளர்க்கவில்லை. அதற்குள் குடியிருக்கும் புழுவுக்காகத்தான். அந்தப் புழுவின் முட்டை தண்ணீரில் பொரியும். பொரிந்த குஞ்சு நத்தைக்குள் புகுந்து ஒன்று நூறாகப் பெருகும். பிறகு வால் முளைத்து வெளியே வந்து, தண்ணீரில் கால் நனைத்தவர் தோலைத் துளைத்து உள்ளே போகும். போகிற நேரத்தில் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரத்தக்குழாயில் வருடக்கணக்கில் வாழும்.

மாடியில் வேலை பார்த்த ஆய்வாளரைச் சின்ன டாக்டர் என்பார்கள். முப்பத்திரண்டு வயது, வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. தலைமை ஆய்வாளர் பெரிய டாக்டர் என்பதால் இவள் சின்னவள். தன் ஆராய்ச்சி என்னவென்று நத்தையக்காவுக்கு உட்கார வைத்துச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

"ஒரே பீரோதான் அக்கா. உள்ள இருக்கிற துணி எல்லாம் பொறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் அதே துணி. ஆனா வீட்டுல ஒண்ணு போடுறோம், வேலைக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு. புழுவோட மரபணுவும் அப்படித்தான். முட்டையில எது வேலை செய்யுது, நத்தைக்குள்ள எது, தோலுக்குள்ள போனதும் எது முழிக்குதுன்னு பாக்குறேன். அது தெரிஞ்சா எந்த இடத்துல மருந்து அடிக்கலாம்னு தெரியும்."

ஒவ்வொரு பருவத்துப் புழுவையும் எடுத்து, எடுத்த கையோடு உறைய வைக்க வேண்டும். அதுதான் நத்தையக்காவின் பொறுப்பு. உறைந்த கணத்தில் புழு என்ன செய்துகொண்டிருந்ததோ அது அப்படியே நின்றுவிடும். தாமதித்தால், சூடு பட்டால், புழு வேறு துணி மாற்றிவிடும்.

அன்று வால்புழு எடுக்கிற நாள். ஆறு வாரம் காத்திருந்து தயாரான நத்தைகளை விளக்கடியில் வைத்ததும், தண்ணீரில் தூசு பறப்பதுபோலப் புழுக்கள் கொட்டின. பத்தே காலுக்கு மூன்று சின்னக் குழாய்களில் சேர்த்து முடித்தாள். உறைகுடுவையின் மூடியைத் திறக்கப் போனபோது கைப்பேசி அடித்தது. நாத்தனார்.

மாமியார் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கிழவி வைத்திருந்த வாஷிங் மெஷின் யாருக்கு என்பது பேச்சு. நத்தையக்கா குழாய்களைக் கைக்கு எட்டிய இடத்தில், மனித உடம்பின் சூட்டில் ஓடிக்கொண்டிருந்த சோதனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நடைபாதைக்குப் போனாள். "துவைச்சுப் போட்டது நானு, தூக்கிட்டுப் போறது நீயா?" என்று இவள் ஆரம்பித்தது, கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பது வரை போனது. திரும்பி வந்தபோது பதினொன்று இருபத்தைந்து.

ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். புழுக்கள் நெளிந்தன. ஆனால் அங்கங்கே வால்கள் தனியாகக் கிடந்தன.

சூடு பட்டதில் உடம்புக்குள் போய்விட்டதாக நினைத்துப் புழுக்கள் துணி மாற்றத் தொடங்கிவிட்டன என்று அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடம் பார்த்த கண். குழாய்களைக் கொட்டிவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நத்தைகளில் இனிப் புழு இல்லை, மறுபடி ஆறு வாரம் ஆகும். மாலையில் மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பச் சின்ன டாக்டர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நத்தையக்கா மூன்று குழாய்களையும் உறைகுடுவைக்குள் இறக்கினாள். நோட்டில் "உறைய வைத்தது: 10.20" என்று எழுதினாள். எழுதும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பின்னாளில் அவளுக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

ஐந்து மாதம் கழித்து மாடியில் கேக் வெட்டினார்கள். தோலுக்குள் போன பிறகுதான் விழிக்கும் என்று நினைத்திருந்த மரபணுக்கள், தண்ணீரில் நீந்தும்போதே விழித்திருக்கின்றன. புழு மனித உடம்புக்கு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. இதுதான் சின்ன டாக்டரின் கண்டுபிடிப்பு. "எல்லாம் நத்தையக்கா கைராசி" என்று அவள் எல்லார் முன்னாலும் ஒரு துண்டை ஊட்டிவிட்டாள். நத்தையக்கா அதை வாயில் வைத்தபடியே கழிப்பறைக்குப் போய்த் துப்பினாள்.

அதற்கப்புறம் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. கட்டுரை வெளிவந்தது. சின்ன டாக்டர் அடுத்த ஒன்றரை வருட வேலையை அதன்மேல் கட்டினாள். நத்தையக்கா கீழே கீரை வாட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

தெரிந்தது. வேறு இரண்டு ஆய்வுக்கூடங்களில் அதே சோதனையைச் செய்தார்கள். அந்த மரபணுக்கள் நீந்தும் புழுவில் தூங்கிக்கொண்டுதான் இருந்தன. கடிதங்கள் வந்தன. பெரிய டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு சின்ன டாக்டரை மூன்று நாள் கேள்வி கேட்டார். நான்காம் நாள் தேநீர் இயந்திரத்தடியில் இரண்டு பேர், "சின்ன டாக்டர் ரிசல்ட்ல நம்பரைத் திருத்திட்டாங்களாம்" என்று பேசிக்கொண்டார்கள். அவளுடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றும் செய்தி வந்தது.

அன்று மத்தியானம் சின்ன டாக்டர் கீழே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தொட்டி ஓரத்தில் நின்று கேட்டாள்: "அக்கா, அன்னைக்கு வால்புழு எடுத்ததுல ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"இல்லையேம்மா. எப்பவும் போலத்தான்."

"உங்க நோட்டப் பாத்தேன். அஞ்சு நிமிஷத்துல உறைய வச்சிருக்கீங்க. உங்கள நான் சந்தேகப்படல அக்கா. என்கிட்டதான் எங்கேயோ தப்பு." சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

அந்த வாரம் முழுக்க நத்தையக்காவுக்குச் சோறு பிடிக்கவில்லை. கடைசியில் கணவரிடம் சொன்னாள். அவர், "ரிட்டயராக மூணு வருஷம் இருக்கு. வாயைத் திறக்காதே" என்றார். "அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு. எங்க போனாலும் பிழைச்சுக்கும்."

"திருடின்னு பேர் வாங்கிக்கிட்டு எங்கங்க போவா?"

ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்று காத்திருந்தாள். திங்கட்கிழமை காலை நத்தைக்குக் கீரைகூடப் போடாமல், நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பெரிய டாக்டர் அறையில் சின்ன டாக்டரும் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து, மூச்சு விடாமல் சொன்னாள்.

பெரிய டாக்டர் மேசையைக் குத்தினார். "ரெண்டு வருஷம்! இவங்க மேல நான் என்னென்ன சொன்னேன் தெரியுமா?" என்று கத்தினார். சின்ன டாக்டர் கத்தவில்லை. பென்சிலை எடுத்தாள்.

"எவ்வளவு நேரம் சூட்டுல இருந்துச்சு?"

"எழுபது நிமிஷம்."

"பெட்டி எத்தனை டிகிரி?"

"முப்பத்தேழு."

"வால் எத்தனை உதிர்ந்திருக்கும்?"

"எண்ணலம்மா. நாலுல ஒண்ணு இருக்கும்."

எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

நத்தையக்கா கையிலிருந்த நோட்டை மேசைமேல் வைத்தாள்.

"போன்ல என்ன? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குமே லேசாக இருந்திருக்கும். "வாஷிங் மெஷின்" என்றாள் நத்தையக்கா.

சின்ன டாக்டர் சிரித்தாள். கேட்க முடியாத சிரிப்பு அது. பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், காரணத்தை ஒளிக்காமல் எழுதி. களங்கம் நீங்கியது, வேலை திரும்பவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆளை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். மீதி இருந்த மூன்று மாதத்தில் சின்ன டாக்டர் ஒரு சோதனை செய்தாள். தோலே இல்லாமல், ரத்தமே இல்லாமல், வெறும் சூடு பட்டால் மட்டும் புழு என்னென்ன மரபணுவை விழிக்க வைக்கும் என்று பார்த்தாள். நத்தையக்காவைத் தொட்டி அறையிலிருந்து கண்ணாடிக் குழாய்கள் கழுவும் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். "புழு எடுக்க அவங்கதான் வரணும்" என்று சின்ன டாக்டரே எழுதிக் கேட்டு வாங்கினாள்.

இரண்டு பேரும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து நத்தையக்கா நிமிடத்தை வாய்விட்டுச் சொல்வாள். சின்ன டாக்டர் எழுதுவாள். முன்பெல்லாம் குழந்தை செய்த குறும்பைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது குழந்தைக்குக் காய்ச்சல் என்பதுகூட வேறு யாரோ சொல்லித்தான் நத்தையக்காவுக்குத் தெரிந்தது.

சோதனை பலித்தது. அந்த மரபணுக்களில் பாதி விழிக்க வெறும் சூடே போதுமானதாக இருந்தது. சின்னக் கட்டுரைதான், ஆனால் யார் செய்தாலும் அதே விடை வந்தது. அதைக் கேள்விப்பட்டு, "பாத்தியா, உன் தப்புலயும் ஒரு நல்லது" என்றார் கணவர். "அப்படிச் சொல்லாதீங்க" என்று அவள் எழுந்து போய்விட்டாள். நல்லது நடந்தது அந்தப் பெண்ணின் உழைப்பால். தன் பங்குக்கு இருந்தது இரண்டு பொய்.

கடைசி நாள் சின்ன டாக்டர் அட்டைப்பெட்டியோடு கழுவுமிடத்துக்கு வந்தாள். ஒரு தண்ணீர்ப் பரிசோதனை நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது.

"வந்து சொன்னீங்க, சரி. சொல்லாமலே இருந்திருக்கலாம், அதுவும் எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா கோபம் போகல அக்கா. போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். போனா ஒரு நாள் கூப்பிடுறேன்."

"சரிம்மா" என்றாள் நத்தையக்கா. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்து வாசல் வரை தூக்கிக்கொண்டு போனாள்.

நான்கு வருடம் ஆகிறது. நத்தையக்கா ஓய்வு பெற்றுவிட்டாள். அழைப்பு இன்னும் வரவில்லை. வராமல் போனாலும் அது நியாயம்தான் என்று அவள் நினைக்கிறாள்.